உரிந்த தோலைத் தேடி எடுத்து வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொழிற்சாலை விபத்துச் செய்திகள் ‘விரலில் காயம்’ என்பதோடு முடிந்துவிடுகின்றன. பினாங்கின் பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வட்டாரத்தில் மிஷினில் நிற்கும் நம்மவர்களுக்கு அது போதாது.

சுழலும் உருளையில் கையுறை மாட்டினாலோ, லாரியிலிருந்து குதிக்கையில் மோதிரம் கொக்கியில் சிக்கினாலோ, விரலின் தோல் அடியிலிருந்து உறைபோலக் கழன்று நகத்தோடு வந்துவிடும். எலும்பும் தசைநாணும் மிஞ்சும். சில நேரம் விரல் மடங்கக்கூடச் செய்யும். ‘தோல்தானே, தொடையிலிருந்து எடுத்து ஒட்டிவிடலாம்’ என்று குடும்பத்தார் நினைப்பது இதனால்தான். ஆனால் ஒட்டுத்தோல் அடியிலுள்ள திசுவின் ரத்தத்தில்தான் பிழைக்கும். மேற்சவ்வு போன எலும்பிலும் தசைநாணிலும் ஒட்டினால் சில நாளில் கறுத்துவிடும்.

எனவே அறுவை மருத்துவர் முதலில் கேட்பது கழன்ற அந்த உறையைத்தான். அதைத் திரும்ப மாட்டி, நுண்ணோக்கியின் கீழ் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே உள்ள ரத்தக் குழாய்களைத் தைப்பார்கள். கத்தி வெட்டுப் போலன்றி இழுபட்டு அறுந்த குழாய் உள்ளே நெடுகக் கிழிந்திருக்கும். கெட்ட பகுதியை நீக்கி, முன்கைச் சிரையில் ஒரு துண்டு எடுத்து இணைக்க வேண்டிவரும். ரத்தம் உள்ளே வந்தும் திரும்பிப் போக வழியில்லாவிட்டால் விரல் நீலம் பாய்ந்து கெடும். தைத்த பிறகு ஒரு சிகரெட்கூடக் கூடாது, குழாய் சுருங்கிவிடும்.

உறை கிடைக்காவிட்டால் பெரும்பாலும் கவட்டுத் தோல்மடல்தான், அதாவது தொடை இடுக்குத் தோலை அதன் ரத்த ஓட்டத்தோடு விரலில் போர்த்துவது. கையை இடுப்படியில் தைத்து ஏறத்தாழ 3 வாரம் அப்படியே வைத்துப் பிறகு பிரிப்பார்கள். விரல் தடித்து, தொடு உணர்வு குறைந்தே இருக்கும். கொழுப்பைக் குறைக்க மறுபடி கத்தி வைக்க வேண்டும். விரலே வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று சிலர் கேட்பதிலும் நியாயம் உண்டு.

கழன்ற உறையை சலைனில் (மருத்துவ உப்புநீரில்) நனைத்துப் பிழிந்த சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ்கட்டி நேராகப் பட்டால் திசு உறைந்து செத்துவிடும். காயத்தில் மஞ்சளோ காப்பித்தூளோ அப்பாதீர்கள். சுத்தத் துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடியுங்கள். மற்ற மோதிரங்களை வீங்குமுன் கழற்றுங்கள். தெம்புக்கென்று மைலோ பானம் கொடுத்தால் மயக்க மருந்து தள்ளிப்போகும்.

முதலாளிகளுக்கு ஒன்று: சுழலும் மிஷினில் கையுறையோடு யாரையும் நிறுத்தாதீர்கள். முதலுதவிப் பெட்டியில் 2 சலைன் பாட்டிலும் சில ஜிப் பைகளும் வையுங்கள்.

இப்படிக்கு,
கை அறுவைப் பிரிவுத் தாதியர் சிலர்,
பட்டர்வொர்த், பினாங்கு.