சிரசுத் திருவிழாவுக்குக் காரில் வரப்போகும் மகளுக்கு

குடியாத்தம்,
சித்திரை மாதம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். கார் வாங்கிய படங்கள் வந்து சேர்ந்தன. மாலையும் சந்தனமும், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேத்தி உட்கார்ந்திருப்பதும் பார்த்து அம்மாவுக்குக் கொள்ளை மகிழ்ச்சி. தெருவில் எல்லோருக்கும் காட்டிவிட்டாள். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுக்கு அந்தக் காரில்தான் வருகிறீர்கள் என்று அறிவிப்பும் செய்துவிட்டாள்.

இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைத்துக்கொண்டிருப்பாய். மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார். அவர் ஆசையாக வாங்கிய காரைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் மாமனார் அதிகாரம் செய்கிறார் என்றாகிவிடும். எழுதிவிட்டால் நீ நிதானமாகப் படித்து, உனக்கே தோன்றியதுபோல அவரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருக்கிறீர்கள். நல்லது. பழம் வைக்கக் குனிந்தவர் அப்படியே டயரில் இருந்த எழுத்தையும் படித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

மாப்பிள்ளை என்னிடம் சொன்னது இதுதான்: "ஏழு வருடத்து வண்டிதான் மாமா. ஆனால் முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது." பட்டன் என்றால் சாலையைத் தொடும் மேற்பகுதியில் இருக்கும் ரப்பர்க் கட்டிகள். அவ்வளவு குறைவாக ஓடியது இஞ்சினுக்கு நல்ல செய்தியாக இருக்கலாம். டயருக்கு இல்லை. என் வேலைக்காலம் முழுவதும் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் டயர் பிரிவில் போனது உனக்குத் தெரியும். பஸ் டயர் கிழமாகிச் சாவதில்லை, தேய்ந்துதான் சாகும். இரவும் பகலும் ஓடுவதால் வயதாக அதற்கு நேரம் கிடையாது. தேய்ந்ததை ரீட்ரெட் செய்து, அதாவது மேலே புது ரப்பர் ஒட்டி, பின்சக்கரத்தில் போடுவோம், முன்சக்கரத்துக்குப் புதியதுதான். வீட்டுக் கார் இதற்கு நேர்மாறு. அங்கே பட்டன் தேயும் முன்பே ரப்பர் கிழமாகிவிடுகிறது.

காரணம் எளியது. ரப்பரில் மெழுகும் வேறு சில காப்புப் பொருள்களும் கலந்திருப்பார்கள். டயர் ஓடி, வளைந்து நிமிரும்போது அவை மேற்பரப்புக்குக் கசிந்து ஒரு படலமாகப் பரவும். காற்றிலிருக்கும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழவைக்காமல் தடுப்பது அந்தப் படலம்தான். அபார்ட்மெண்டுக்கு அடியில் மாதக்கணக்கில் நின்றே கிடக்கும் காரில் அந்தக் கசிவு சரியாக நடக்காது. ஆக்சிஜனோ தன் வேலையை ஒருநாளும் நிறுத்துவதில்லை. ரப்பர் இறுகும், ஈரத்தில் பிடிப்புக் குறையும், உள்ளே இருக்கும் கம்பிப் பட்டைக்கும் ரப்பருக்கும் உள்ள ஒட்டு தளரும். அந்த நிலையில் கோடை வெயிலில், முழுச் சுமையுடன், நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் பட்டன் பகுதி மொத்தமும் தோலுரிந்து வரக்கூடும். பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் கறுப்புப் பட்டைகள் கிடப்பதைச் சிறுவயதில் நீ பாம்பு என்று காட்டுவாய். அவை பெரும்பாலும் லாரியின் ரீட்ரெட் டயர்கள், ஆனால் கதை ஒன்றுதான்.

ஆகவே முதலில் வயதைப் பார். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் நீண்ட வரிசை இருக்கும். அதன் கடைசி நாலு எண்தான் உனக்கு வேண்டியது. 1818 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்தது. சில டயர்களில் இந்த நாலு எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும்; அந்தப் பக்கம் காரின் உட்புறமாகத் திரும்பியிருந்தால் டார்ச் அடித்து எட்டிப்பார்க்க வேண்டும். ஐந்து வருடம் தாண்டினால் ஆண்டுதோறும் தெரிந்தவரிடம் காட்டு, பத்து வருடமானால் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் மாற்று என்பது டயர் நிறுவனங்கள் சொல்வது. கார் நிறுவனங்களில் சில ஆறு வருடத்தையே எல்லையாக வைத்திருக்கின்றன. பெங்களூரு மட்டுமே சுற்றும் வண்டி என்றால் நானும் கொஞ்சம் பொறுத்திருப்பேன். அக்கினி நட்சத்திரத்தில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரிக்கு மேல் காய்கிறது. தார் அதைவிட மோசமாகச் சுடும். அதில் குழந்தையை வைத்துக்கொண்டு வருகிறீர்கள்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து வைத்து, முன் டயரின் உள்விளிம்பைத் தடவிப் பார். வெளிப்பக்கம் புதிதாகத் தெரிந்து உள்விளிம்பு மட்டும் மொட்டையாகியிருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், தவறியிருக்கிறது. பட்டன்களுக்கு இடையிலும், ரிம்மை ஒட்டிய பகுதியிலும் மெல்லிய வெடிப்புக் கோடுகள் இருக்கின்றனவா என்று பார். பக்கவாட்டில் புடைப்பு தெரிந்தால் உள்நூல் அறுந்திருக்கிறது என்று பொருள். அதற்கு ஒட்டும் கிடையாது, வைத்தியமும் கிடையாது. பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மி.மீ. என்று கணக்கு. சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை அது. மழையில் ஓட்டுகிறவர்கள் 3 மி.மீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. "கோடையில் காற்றைக் குறைத்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் சூட்டில் வெடித்துவிடும்" என்று உன்னிடம் யாராவது கட்டாயம் சொல்வார்கள். உன் சித்தப்பாவும் சொல்வார். கேட்காதே. காற்றுக் குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. வெடிக்க வைப்பதும் அந்தச் சூடுதான். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். இரண்டு பேர் போனால் எவ்வளவு, முழுச் சுமைக்கு எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். ஊருக்கு வரும்போது முழுச் சுமைக் கணக்கு. டயரின் மேலேயே அச்சடித்திருக்கும் அழுத்தம் அது தாங்கும் உச்ச அளவு, உன் காருக்கு அது வேண்டாம்.

ஸ்டிக்கரில் இருப்பது டயர் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டிய அளவு. காலையில் கிளம்பும் முன் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) பிடித்தாய் என்று வைத்துக்கொள். வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஒன்றரை முதல் இரண்டு பிஎஸ்ஐ வரை ஏறும். ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தி, பக்கத்து பங்கில் அளந்தால் 38 என்றுகூடக் காட்டும். காற்றடிக்கும் பையன் "அதிகமாக இருக்கிறது" என்று இறக்கப் பார்ப்பான். இறக்க விடாதே. சூட்டில் இறக்கினால் மறுநாள் விடியற்காலையில் 28தான் மிஞ்சும். இன்னொன்று, பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நம் ஊர் அதைவிட அறுநூறு மீட்டர் தாழ்வு. இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் அதிகம் என்பதால் அளவுமானி ஒரு பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். இந்த ஊர்ச் சூடு அதை ஈடுகட்டிவிடும். இதற்காக நீ ஒன்றும் செய்ய வேண்டாம், எனக்கு இந்தக் கணக்கு போடப் பிடிக்கும், அவ்வளவுதான். நைட்ரஜன் பிடிக்கச் சொன்னால் இலவசமென்றால் பிடித்துக்கொள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

டயர் வாங்கும்போது அளவை மாற்றாதே. உதாரணத்துக்கு 185/65 ஆர்15 88எச் என்றிருந்தால் 185 என்பது மி.மீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 15 என்பது ரிம்மின் அங்குலம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் 210 கிலோமீட்டர் வேகம் வரை. அகலமான டயர் போட்டால் கம்பீரமாக இருக்கும் என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். மைலேஜ் குறையும், ஸ்டியரிங் கனக்கும், டயரின் மொத்த உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். தாங்கும் எடையைக் காட்டும் எண் மட்டும் பழையதைவிடக் குறையவே கூடாது.

எந்தக் கம்பெனி என்று கேட்பாய். அரக்கோணத்துக்குப் பக்கத்தில் எம்.ஆர்.எஃப். ஆலை, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே., ஒரகடத்தில் அப்பல்லோ என்று நம் சென்னைச் சாலையைச் சுற்றிலும் டயர் ஆலைகள்தான். பெயருள்ள எதுவும் பரவாயில்லை. நெடுநாள் உழைக்கும் என்று விற்பதைவிட ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் என்று விற்பதை எடு. குடும்பக் காருக்கு அதுதான் முக்கியம். கடைக்காரர் எடுத்து வைக்கும் டயரிலும் அந்த நாலு எண்ணைப் பார். ஒரு வருடத்துக்குமேல் பழசென்றால் வேறு கேள். கறுப்புப் பாலிஷ் போட்ட பழைய டயரும் கடைகளில் பளபளக்கும். அதன் பக்கமே போகாதே.

இரண்டை மட்டும் இப்போது மாற்றலாமே என்று மாப்பிள்ளை சொல்வார். நாலுக்கும் ஒரே வயது என்றால் நாலையும் மாற்றத்தான் வேண்டும். பின்னாளில் எப்போதாவது இரண்டு மட்டும் மாற்றினால் புதியவை பின்னால் போக வேண்டும். பல கடைகளில் முன்னால் போடுவார்கள். ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளித்துவிடலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். ஸ்டெப்னிக்கும் அதே வயதுதான், ஓடாததால் அது இளமையாகிவிடாது. பஞ்சர் கடை வரை போவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள், காற்று இருக்கிறதா என்று பார்த்துவிடு.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாற்றாதே. புது டயரின் மேல் வழுவழுப்பு இருக்கும். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் சரியான பிடிப்பு வரும். இந்த வாரமே மாற்றிவிட்டு, சக்கர நட்டுகளைச் சில நாள் கழித்து ஒருமுறை முறுக்கிப் பார்க்கச் சொல். பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன் செய்வது), அலைன்மென்ட் இரண்டையும் அதோடு முடித்துவிடு.

மற்றவை சுருக்கமாக. கூலண்ட் அளவை இஞ்சின் ஆறியபின் பார், சூட்டில் மூடியைத் திறக்காதே. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழைய உரிமையாளர் மாற்றியிருப்பார் என்று நம்பாதே. பேட்டரிக்குக் குளிரைவிட நம் வெயில்தான் எமன். வைப்பர் ரப்பரும் வெயிலில் காய்ந்திருக்கும், அது சில நூறு ரூபாய் விஷயம். இங்கே வந்து நிறுத்தும்போது நம் வீட்டுக்குப் பின்னால் வேண்டாம். எலி இருக்கிறது, ஒயரைத் தின்றுவிடும்.

வழி விஷயத்தில், போன் உங்களை வி.கோட்டா, பேரணாம்பட்டு மலைப்பாதையில் இறக்கப் பார்க்கும். பழகாத வண்டியில் முதல்முறை அது வேண்டாம். கிருஷ்ணகிரி, வாணியம்பாடி வழியாக வாருங்கள். மலையில்தான் இறங்க வேண்டியிருந்தால் பிரேக்கை மிதித்தபடியே வராமல் இரண்டாவது கியரில் இறங்கு. பிரேக் சூடேறிவிட்டால் பிடிக்காது. சாலையில் டயர் வெடித்துவிட்டால் முதல் ஆசை பிரேக்கை அழுத்துவதாகத்தான் இருக்கும். அழுத்தக் கூடாது. ஸ்டியரிங்கை இரு கையாலும் நேராகப் பிடி, ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடு, வண்டி தானாக வேகம் குறைந்த பிறகு ஓரம் கட்டு. இதை மாப்பிள்ளையிடமும் வாய்விட்டுச் சொல்லிவிடு, ஓட்டுவது யாராக இருந்தாலும் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய திரை வைத்த ஸ்டீரியோவும் தோல் சீட் கவரும் மாப்பிள்ளை பார்த்து வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். அவற்றில் நான் தலையிடவில்லை. டயர் நாலுக்கும் பணத்தைத் திருவிழாச் சீர் என்று அம்மா பெயரில் அனுப்புகிறேன். சீர் என்றால் அவரால் மறுக்க முடியாது. பில்லில் டயரின் நாலு எண்ணையும் எழுதி வாங்கி எனக்குப் படம் எடுத்து அனுப்பு. இல்லாவிட்டால் சீர்ப் பணத்தில் ஸ்டீரியோ வந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வரும்.

அன்புடன்,
அப்பா