வேடனின் வாளில் ஒரு முகில்

லெய்டன், நெதர்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் சுகத்தையும் அம்மாவின் கால்நோவையும் பற்றி எழுதுங்கள். வானத்து வாயுவில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்று சென்ற கிழமை தொலைபேசியில் கேட்டீர்கள். அப்போது மழுப்பிவிட்டேன், இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

மின்சாரமில்லாத அந்த வருடங்களில் முற்றத்துப் பாயில் படுத்தபடி நீங்கள் காட்டித்தந்த வேடன், அதாவது ஓரியன் என்னும் நாள்மீன் கூட்டம், அங்கே உச்சிக்கு ஏறுபவன், இங்கே முகில் விலகும் சில இரவுகளில் தெற்கே கூரைகளுக்கு மேல் தாழ்வாக நிற்கிறான். அவன் வாளின் நடுவே புகைபோலத் தெரிவது சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவிலுள்ள வாயு முகில். அதனுள்ளே, சூரியனைவிட ஆறு மடங்குக்கும் அதிகமாகக் கொதிக்கும் நாள்மீன் ஒன்று கழியூதாக் கதிரைக் கொட்டுகிறது. 13.6 இலத்திரன்வோல்ற்றுக்கு (அணுவளவில் சக்தியை அளக்கும் அலகு அது) மேற்பட்ட கதிரை ஐதரசன் அணுக்கள் விழுங்கிவிடுகின்றன. அதற்குக் குறைந்தது உள்ளே புகுந்து, 11.3 அளவே போதுமான காபனிலிருந்து இலத்திரனைப் பறிக்கிறது. ஐதரசன் மூலக்கூறுகளையும் அது உடைக்கிறது. ஆனால் நம் கிடுகு வேலியில் வெயில் படும் பக்கம் வெளிறி உட்பக்கம் அப்படியே இருப்பதுபோல, வெளியிலுள்ள மூலக்கூறுகள் கதிரைத் தாங்கி உள்ளிருப்பவற்றைக் காக்கின்றன.

வந்த புதிதில் இந்த ஒளி அழிக்க மட்டுமே வல்லது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஒரு காபனும் ஒரு ஐதரசனும் சேர்ந்த நேரேற்ற அயனை விண்வெளியில் 1941 இலேயே இனங்கண்டிருந்தார்கள். அது உருவாக ஏறத்தாழ 4,600 கெல்வினுக்கு ஒப்பான சக்தி வேண்டும்; முகிலிலோ அவ்வளவு சூடு கிடையாது. அதிர்ச்சி அலைகளே அதைத் தருகின்றன என்று பலர் நீண்டகாலம் நம்பினார்கள். 2009 முதல் 2013 வரை இயங்கிய ஹேர்ஷல் விண்வெளித் தொலைகாட்டியின் அளவீடுகளோ, ஓரியன் முகிலில் அந்தச் சக்தி கழியூதா ஒளியிலிருந்தே வருவதைக் காட்டின: ஒளி பட்டு அதிரும் ஐதரசன் மூலக்கூறு, அந்த அதிர்விலுள்ள சக்தியைக் கொண்டே காபன் அயனுடன் சேர்கிறது. 2023 இல் ஜேம்ஸ் வெப் தொலைகாட்டி, அதே ஓரியனில் ஓர் இளம் நாள்மீனைச் சுற்றிய வாயுவும் தூசும் சேர்ந்த தட்டில், ஒரு காபனுடன் மூன்று ஐதரசன் சேர்ந்த அயனையும் கண்டது. பெரிய காபன் சேர்வைகளுக்கு அது முதற்படி. ஆகவே என் மேசையில் இப்போது வேறு பேச்சே இல்லை.

காபன் அயன் உமிழும் 0.158 மில்லிமீற்றர் அலையை நிலத்திலிருந்து பார்க்க முடியாது, வளிமண்டலத்து நீராவி மறித்துவிடும். முகிலை மட்டும் நீங்கள் பார்க்கலாம். தையில் இரவு எட்டு மணிக்கு அந்தப் பழைய பைனாகுலரோடு கிணற்றடிக்குப் போங்கள்; முற்றத்தில் இப்போது வீதி விளக்கு அடிக்கிறது என்று தம்பி சொன்னான்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்