இராவணன் கதையோடு நிறுத்திவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பிதழில் தென்கிழக்காசிய இராமாயணங்கள் பற்றிய கட்டுரை படித்தேன். பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், லனாவ் ஏரியைச் சுற்றி வாழும் மெரனாவ் மக்களிடம் எட்டுத் தலை இராவணன் கதை இருப்பதைச் சொல்லியிருந்தீர்கள். சந்தோஷம். ஆனால் அந்த ஒரு பத்தியோடு அவர்களை விட்டுவிட்டீர்கள். நமக்குத் தெரிந்த கதை அங்கேயும் இருக்கிறது என்பதற்காக மட்டும் எட்டிப் பார்த்தால், அவர்கள் இரவெல்லாம் உட்கார்ந்து பாடுவது எதை என்று நமக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் பாடுவது டராங்கன். 17 பகுதிகள், 72,000 வரிகள். இஸ்லாம் அங்கே வருவதற்கு முந்தைய காலத்தில் வேர்விட்ட காவியம், இன்று முஸ்லிம்களான அவர்களின் கல்யாண வீடுகளில் பல இரவுகள் பாடப்பட்டு வந்திருக்கிறது. பெம்பரான் நாட்டு வீரன் பந்துகனின் காதலும் போரும் சாவும் மீட்சியும் அதில் வருகின்றன. பாடுகிறவர் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். கதை தெரிந்தால் மட்டும் போதாது, குலவரலாறும் வழக்கச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும், அந்த இடத்திலேயே வரி கட்டவும் வர வேண்டும். ஏனென்றால் ஊர்ப் பெரியவர்கள் வழக்கு தீர்க்கும்போது துணைக்கு அழைப்பதும் இதே பாட்டைத்தான்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதன் மொழி. இன்று வீட்டில் பேசும் மெரனாவ் அல்ல அது. பழஞ்சொற்கள் நிறைந்தது, பாடகர்களுக்கும் முதியவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்தான் முழுதாகப் புரியும். 'பாயோக்' என்ற இன்னொரு பாட்டு வகையும் உண்டு, அதில் மனதில் உள்ளதை நேராகச் சொல்லாமல் உவமையிலும் குறிப்பிலும் சுற்றி வந்து சொல்வார்கள். அந்தக் குறிப்பு பிடிபடாத இளையவர்கள் பெருகப் பெருக, பாடுகிறவருக்கு எதிரே உட்கார ஆள் குறைகிறது.

மிண்டனாவோ அரசுப் பல்கலைக்கழகம் டராங்கனை 1986 முதல் 1995 வரை எட்டுத் தொகுதிகளாக அச்சிட்டது பெரிய காரியம். 2005-இல் யுனெஸ்கோவும் அங்கீகரித்தது. சரி, ஆனால் குரலின் இழுப்பும் அந்த இரவில் புதிதாகக் கட்டிய வரியும் அச்சில் வராதே. போதாக்குறைக்கு 2017-இல் அந்த மெரனாவ் மக்களின் நகரமான மராவியில் ஐந்து மாதச் சண்டை, மக்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தார்கள். அப்போது நம் பத்திரிகைகளில் அந்த ஊர்ப் பெயர் குண்டுவீச்சுச் செய்தியாக மட்டுமே வந்தது.

டராங்கனுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். சில வரிகளையாவது மெரனாவ் ஒலியிலேயே தமிழ் எழுத்தில் போட்டு, பக்கத்தில் பொருள் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்