கணியன் பூங்குன்றனார் (1894): ஆய்விதழ் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் ஆய்விதழ்களை நடத்தும் ஆசிரியர் குழுவினருக்கு வணக்கம்.

நான் ஆய்வாளர் இல்லை. நாகமலை புதுக்கோட்டையில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளிலும் படிக்கிற பிள்ளைகளின் ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் 18 வருடமாகத் தட்டச்சு செய்து கொடுக்கிறேன். கட்டுரையின் கருத்து சரியா தவறா என்று சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் அதன் கடைசி இரண்டு பக்கங்களை, அதாவது துணைநூற்பட்டியலை, எழுதியவரைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் இந்த மடல்.

உசிலம்பட்டியிலிருந்து பேருந்தில் வந்து போகும் ஒரு மாணவி, சங்கப் பாடல்களில் ஊர் என்ற சொல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். ஓர் இதழுக்கு அனுப்பினோம். அடிக்குறிப்பு கூடாது, ஏபிஏ முறையில் (ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் தரும் அமெரிக்க உளவியல் சங்க முறை) தருக என்று திரும்பி வந்தது. மாற்றினோம். அடுத்த முறை, ஆண்டு குறிப்பிடாத மேற்கோள்கள் உள்ளன என்று வந்தது. அவள் ‘புறம். 192’, அதாவது புறநானூறு 192-ஆம் பாடல், என்று எழுதியிருந்தாள். வேறு வழி தெரியாமல் ‘கணியன் பூங்குன்றனார் (1894)’ என்று போட்டோம். 1894 என்பது உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்த ஆண்டு. யாதும் ஊரே என்று பாடிய புலவரை வெள்ளைக்காரன் காலத்து ஆளாக ஆக்கி, அதை என் கையாலேயே தட்டச்சு செய்தது இன்றுவரை மனதை உறுத்துகிறது. மூன்றாம் முறை, எல்லா நூலுக்கும் டிஓஐ எண் (இணையத்தில் ஒரு கட்டுரையையோ நூலையோ அடையாளம் காட்டும் நிரந்தர எண்) தேவை என்று ஒற்றை வரி வந்தது. அந்த எண் முறை வந்ததே 2000-ஆம் ஆண்டுவாக்கில்தான். பழைய தமிழ்ப் புத்தகத்துக்கு அவள் எங்கே போய்த் தேடுவாள்?

கட்டுரையில் என்ன குறை, என்ன நிறை என்று மூன்று முறையும் ஒரு வார்த்தை இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. “அக்கா, உள்ளே யாருமே படிக்கலையா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

ஏபிஏ முறையைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதன் ஏழாம் பதிப்பைப் புரட்டிப் பார்த்தால், செவ்வியல் நூல்களுக்குப் பக்க எண் வேண்டாம், எல்லாப் பதிப்புக்கும் பொதுவான பாடல் எண்ணோ அடி எண்ணோ தரலாம் என்று அதிலேயே இருக்கிறது. நம் புலவர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவதும் அதுதானே? குறுந். 40 (குறுந்தொகை 40-ஆம் பாடல்) என்றால் எந்தப் பதிப்பை எடுத்தாலும் செம்புலப் பெயல்நீர்தான். மதுரைக்காஞ்சி 782 அடியும் ஒரே பாட்டு, அதற்கு அடி எண். பாடவேறுபாடு, அதாவது பதிப்புக்குப் பதிப்பு சொல் மாறுவது, வரும் இடத்தில் மட்டும் எந்தப் பதிப்பு என்று சொன்னால் போதும். இதை உங்கள் விதிமுறைப் பக்கத்தில் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

ஆண்டு விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய நூல்களின் முகப்பில் பல சமயம் ‘விஜய வருஷம்’ என்று மட்டும் இருக்கும். அந்த வருடம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும்: 1893-94, 1953-54, 2013-14. சித்திரையில் தொடங்குவதால் ஆவணியில் அச்சானது 1893, மாசியில் அச்சானது 1894. பிள்ளைகள் ஆளுக்கு ஒன்றாகப் போடுகிறார்கள். தமிழ் வருடத்தை அப்படியே எழுதி, பக்கத்தில் ஆங்கில ஆண்டைத் தரச் சொன்னால் பிறகு தேடுகிறவருக்கும் உதவும்.

அடுத்தது பெயர். எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இதுதான். உங்கள் இணையப் படிவங்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கிறது, இரண்டையும் நிரப்பாமல் நகர முடியாது. நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கடைசிக் கட்டத்தில் அப்பா பெயரைப் போடுகிறார்கள். கட்டுரை வெளிவந்ததும் மேற்கோள் பட்டியலில் அப்பா பெயர் நிற்கிறது. ஆய்வே செய்யாத மனிதர் ஆய்வாளர் ஆகிவிடுகிறார், நாலு வருடம் உழைத்த பெண் ஒற்றை எழுத்தாகிவிடுகிறாள். அடுத்த இதழில் அவளே வேறு மாதிரி நிரப்பினால், ஒருத்தி இரண்டு பேராகிறாள்.

அந்த ஒற்றை எழுத்தும் ஒழுங்காக வருவதில்லை. நம் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தெ.பொ.மீ.யை எடுத்துக்கொள்ளுங்கள். தென்பட்டினம் பொன்னுசாமி மீனாட்சிசுந்தரம். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘தெ’ என்பது தகரமும் கொம்பும் சேர்ந்த இரண்டு குறியீடு. முதல் குறியீட்டை மட்டும் வெட்டி எடுக்கும் கணினி நிரலில் தெ.பொ. என்பது த.ப. ஆகிவிடும். அது யாரென்று யாருக்குத் தெரியும்?

அகரவரிசையும் அப்படித்தான். அவ்வை, அழகர்சாமி, அறவாணன் என்று மூன்று பெயர் இருக்கட்டும். நாம் பள்ளியில் படித்த ய ர ல வ ழ ள ற ன வரிசைப்படி நான் சொன்ன வரிசை சரி. யூனிகோடு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் அறவாணன், அழகர்சாமி, அவ்வை என்று தலைகீழாகக் கொண்டுவந்து நிறுத்தும். ஏனென்றால் அதில் றகரத்தின் இடம் ரகரத்துக்கு அடுத்து, வகரம் ழகரத்துக்குப் பின்னால். கையால் சரிசெய்து அனுப்பிய பட்டியலை, அகரவரிசை தவறு என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

இன்னமும் பழைய எழுத்துருவில் கோப்பு கேட்கும் இதழ்களிடம் ஒரு வார்த்தை. அந்த எழுத்துருக்களில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. துணைநூற்பட்டியலை அடுக்கித் தரும் ஜோட்டெரோ மாதிரி இலவச மென்பொருள் வைத்துக்கொண்டாலும் அங்கே அது உதவாது. யூனிகோடில் வாங்குங்கள்.

அடிக்குறிப்பு கேட்பவர்களுக்கும் ஒன்று. ‘மேலது, ப. 45’ (மேலே சொன்ன அதே நூல், பக்கம் 45) என்பதைத் தயவுசெய்து கட்டாயமாக்காதீர்கள். திருத்தும்போது நடுவில் ஒரு குறிப்பு புதிதாக நுழைந்தால், அதற்குக் கீழே இருக்கும் மேலது வேறு நூலைக் காட்டும். எத்தனையோ ஆய்வேடுகளில் இதை நான் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். பார்க்காமல் போனவை எத்தனையோ. ஆசிரியர் பெயரும் நூலின் சுருக்கப் பெயரும் ஒவ்வொரு முறையும் இருந்தால் என்ன, இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. முதல் முறை அனுப்பும்போது எந்த முறையில் இருந்தாலும், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி இருந்தால் வாங்கிப் படியுங்கள். எல்சிவியர் மாதிரி பெரிய பதிப்பகங்களின் பல இதழ்களே இப்போது அப்படித்தான் வாங்குகின்றன. கட்டுரை ஏற்கத்தக்கது என்று முடிவான பிறகு உங்கள் முறையைச் சொல்லுங்கள், ஒரே நாளில் மாற்றித் தருகிறோம். அப்புறம், தமிழ் எடுத்துக்காட்டுகளோடு ஒரு மாதிரிப் பக்கம் வெளியிடுங்கள். சங்கப் பாடல், உரை, பதிப்பாசிரியர் பெயர் மட்டும் உள்ள நூல், கல்வெட்டு, ஓலைச்சுவடி, ஆசிரியரே சொந்தமாக வெளியிட்ட புத்தகம், ஆண்டு இல்லாத நூல் என்று எங்கள் கைக்கு வருகிறவை எல்லாம் அதில் இருக்கட்டும். ஆங்கில நூல்களை மட்டும் காட்டும் மாதிரியை வைத்துப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அந்த உசிலம்பட்டிப் பெண்ணின் கட்டுரை இன்னும் என் கணினியில்தான் இருக்கிறது. நான்காம் முறை அனுப்பலாமா என்று கேட்டால் யோசித்துச் சொல்கிறேன் என்கிறாள். நீங்கள் அந்த மாதிரிப் பக்கத்தை எழுதினால், யூனிகோடில் தட்டச்சு செய்து, பிழை பார்த்து நானே தருகிறேன். காசு வேண்டாம். கையெழுத்தில் இருந்தாலும் பரவாயில்லை, எந்தக் கையெழுத்தும் எனக்குப் படித்துப் பழக்கம்.

இப்படிக்கு,
நாகமலை புதுக்கோட்டை டிடிபி கடைக்காரர்