தடைசெய்த மென்பொருளுக்கும் ஏற்றுமதி அறிவித்தல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

செயற்கை நுண்ணறிவை நெறிப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய சட்டத்தை உலகுக்கே முன்மாதிரி என்று பலரும் போற்றி எழுதிவருகிறார்கள். 2024 ஓகஸ்ட் 1 ஆம் திகதி அமுலுக்கு வந்த அச்சட்டத்தின் சிறப்பை நான் மறுக்கவில்லை. ஒரு மென்பொருள் எந்த நாட்டில் உருவானாலும், அது தரும் முடிவுகள் ஒன்றியத்துக்குள் பயன்படுமானால், அதை உருவாக்கியவரையும் அச்சட்டம் கட்டுப்படுத்துகிறது. தடைசெய்யப்பட்ட செயல்களில் ஈடுபடும் நிறுவனத்துக்கு 35 மில்லியன் யூரோ அல்லது அதன் உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 7 சதவீதம், இவற்றுள் எது கூடியதோ அதுவரை அபராதம் விதிக்கலாம். ஆயினும் மலையகத்திலிருந்து அதை வாசிக்கும் எனக்கு, அதில் ஒரு பெரும் இடைவெளி தெரிகிறது.

வேலைத்தளத்தில் தொழிலாளியின் முகத்தையோ குரலையோ கொண்டு அவருடைய மனநிலையைக் கணிக்கும் மென்பொருள், மருத்துவ மற்றும் பாதுகாப்புக் காரணங்களுக்கன்றி, 2025 பெப்ரவரி 2 முதல் ஒன்றியத்துக்குள் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆனால் அதே மென்பொருளை அங்குள்ள நிறுவனமே உருவாக்கி, வெளிநாட்டு ஆடைத் தொழிற்சாலைக்கோ பெருந்தோட்டக் கம்பனிக்கோ விற்பதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஐரோப்பியத் தொழிலாளியின் மானத்துக்கு இழுக்கு என்று கண்டுகொண்ட ஒன்று, கொழுந்து பறிக்கும் பெண்ணின் மானத்துக்கு மட்டும் எவ்வாறு பொருந்தும்?

இதே அநியாயத்தை நாம் முன்பே வேறொரு பொருளில் கண்டிருக்கிறோம். தேயிலை மலைகளில் மருந்து அடித்தவர்கள் பரகுவாட் என்ற களைகொல்லியை நன்கறிவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் அனுமதி 2007 இல் நீதிமன்றத் தீர்ப்பினால் இரத்தான பின்னரும், பிரித்தானியாவிலிருந்து அது பிற நாடுகளுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தது. இலங்கை தானாகவே 2008 க்கும் 2011 க்கும் இடையில் அதைப் படிப்படியாக விலக்கியது. இத்தகைய வாணிபத்தை நெறிப்படுத்தவே 1998 இல் ஏற்கப்பட்டு 2004 இல் அமுலுக்கு வந்தது ரொட்டர்டாம் உடன்படிக்கை. அதன்படி, தன் நாட்டில் தடைசெய்த இரசாயனத்தை ஏற்றுமதி செய்யும் நாடு, பெறும் நாட்டுக்கு அதை அறிவித்தாக வேண்டும்; உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்த இரசாயனமாயின், பெறும் நாடு வேண்டாம் என்று சொன்னால் அச்சொல்லை மதித்தாக வேண்டும். அந்த உடன்படிக்கையிலும் ஓட்டைகள் உண்டு. பரகுவாட்டைப் பட்டியலில் சேர்க்கும் முயற்சி ஒன்றுக்கு மேற்பட்ட மாநாடுகளில் சில நாடுகளின் எதிர்ப்பினால் தடைப்பட்டது. என்றாலும், உள்ளூரில் தீங்கென்று ஒதுக்கியதைப் பிறருக்குச் சொல்லாமல் விற்கக்கூடாது என்ற நெறி அதனால் சர்வதேசச் சட்டத்தில் இடம்பிடித்தது. செயற்கை நுண்ணறிவுக்கு இன்று வேண்டியது அந்த நெறியே.

மென்பொருள் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்குவதில்லை என்பதால் இது இயலாது என்பார்கள். சுங்க அதிகாரியின் கண்ணில் அது படாது என்பது உண்மைதான். ஆகவேதான் அறிவிக்கும் கடமையை விற்கும் நிறுவனத்தின் மீதும், அதை மேற்பார்வை செய்யும், விற்கும் நாட்டின் அதிகாரசபையின் மீதும் சுமத்த வேண்டும் என்கிறேன்.

வெளிநாட்டு நிறுவனத்தின் கணினிகள் நம் வாழ்வைத் தொடும் என்பது வெறும் கற்பனை அச்சமன்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனவிலும் சூழவுள்ள ஊர்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்புப் பதிவுகள் பேஸ்புக்கில் பரவின. அந்நிறுவனம் தன் தளம் அவ்வாறு பயன்பட்டமைக்கு மன்னிப்புக் கோரியது 2020 மே மாதத்தில்தான்.

நம் நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இலங்கையில் உள்ளவர்களுக்குச் சேவை வழங்கும் அல்லது அவர்களின் நடத்தையைக் கண்காணிக்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கும் பொருந்தும் என்கிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் முற்றிலும் இயந்திரம் எடுத்த முடிவை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையைத் தரும் 18 ஆம் பிரிவு, அம்முடிவு ஒருவருடைய உரிமைகளில் மீளமுடியாததும் தொடர்ச்சியானதுமான பாதிப்பை ஏற்படுத்தியிருக்க வேண்டும் அல்லது ஏற்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழு நாள் கூலியா அரை நாள் கூலியா, என்பதை நாளை ஒரு மென்பொருள் தீர்மானித்தால், அந்த ஒரு நாள் கூலி இழப்பை மீளமுடியாத பாதிப்பு என்று எந்த அதிகாரி ஒப்புக்கொள்வார்? இன்று தராசில் நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளையின் முகத்துக்கு நேரே கேட்கலாம். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மூலம் துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம், போகலாம். கடல் கடந்த கணினியிடம் எங்கே போவது?

ஆகவே 18 ஆம் பிரிவின் அந்த நிபந்தனையைத் தளர்த்தி, கூலி, வேலை, கடன் ஆகியவற்றைப் பாதிக்கும் எந்த முடிவுக்கும் மீளாய்வு கோரலாம் என்று பாராளுமன்றம் திருத்த வேண்டும். முடிவுக்கான காரணம் தொழிலாளியின் மொழியில் எழுத்தில் தரப்பட வேண்டும். ஏற்றுமதி அறிவித்தல் குறித்த கோரிக்கையை, ரொட்டர்டாம் உடன்படிக்கையில் பங்காளியாக உள்ள நம் அரசாங்கம், ஐக்கிய நாடுகள் அரங்கில் இரசாயனங்களால் இதே துன்பம் கண்ட ஏனைய நாடுகளுடன் சேர்ந்து முன்வைக்க வேண்டும். மலையகத் தொழிற்சங்கங்களும் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையின்போது, தொழிலாளியின் வேலையை அளக்கும் எந்த மென்பொருளும் சங்கத்துக்கு முன்னறிவித்தலின்றித் தோட்டத்துக்குள் கொண்டுவரப்படக்கூடாது என்று ஒரு வாசகத்தைச் சேர்க்கக் கோரலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.