மாடிப்படிக்குக் கீழே ஐந்து குட்டிகள்

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. உன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் தெருநாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது என்று நேற்று ராத்திரி நீ சொல்லிப் போனை வைத்ததிலிருந்து அப்பா குட்டி போட்ட பூனை மாதிரி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறார். "போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், எழுதி அனுப்பு" என்று காலையிலேயே நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் எழுதுகிறேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிறார். கால்நடை மருந்தகத்தில் 31 வருஷம் உதவியாளராக ஓடிய மனுஷன், அதனால் இதில் இருப்பதைத் தைரியமாகச் செய். இருந்தாலும் உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கால்நடை டாக்டரின் நம்பரை இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள். ராத்திரி ரெண்டு மணிக்குத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பார்சலில் என்னுடைய பழைய நூல் சேலை நாலும், துவைத்துக் காயவைத்த சாக்கு ரெண்டும் இருக்கின்றன. அவை அந்தத் தாய் நாய்க்கு. முறுக்கு டப்பா உனக்கு.

முதலில் இடத்தைப் பார் தாயி. இது அடைமழைக் காலம். நீ இருக்கிற முடிச்சூரில் 2015 டிசம்பரில் தண்ணீர் எப்படி ஏறியது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாடிப்படிக்கு அடியில் நாலு செங்கல் வைத்து, மேலே ஒரு பலகை போட்டு, அதன் மேல் சாக்கு, சாக்கின் மேல் சேலை. சேலையை நாலாக மடித்து ஓரங்களைச் சாக்குக்கு அடியில் செருகிவிடு, சுருக்கத்துக்குள் குட்டி மாட்டிக்கொள்ளும். பேப்பர் மட்டும் விரிக்காதே. அது வழுக்கும், குட்டிகளுக்குக் கால் ஊன்றி நகர வராது. தினமும் துணியை மாற்று. ஈரமும் பால் வாடையும் இருந்தால் எறும்பு வந்துவிடும், கண் திறக்காத குட்டியை எறும்பு மொய்த்தால் அது எங்கே ஓடும்? அதற்காகப் பினாயில் தெளிக்காதே, எறும்புச் சாக்பீஸ் போடாதே. குட்டிகளை நகர்த்த வேண்டியிருந்தால் அவள் இல்லாத நேரம் பார்த்துத் தூக்காதே. அவள் கண் முன்னாலேயே ஒரு கூடையில் வைத்து, அவள் மூக்குக்கு எட்டுகிற உயரத்தில் மெதுவாகக் கொண்டுபோ. பின்னாலேயே வருவாள்.

அடுத்தது குளிர். பிறந்த குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. ரெண்டு மூணு வாரம் ஆகும் அதற்கு. முதல் வாரத்தில் அவை படுத்திருக்கிற இடம் 85 முதல் 90 டிகிரி ஃபாரன்ஹீட் வரை கதகதப்பாக இருக்க வேண்டும் என்கிறார் அப்பா. தெர்மாமீட்டர் எல்லாம் வேண்டாம், பார்த்தாலே தெரியும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது. ஆளுக்கொரு மூலையில் கிடந்து வாயைப் பிளந்தால் சூடு அதிகம். பக்கத்துப் பக்கத்தில் ஒட்டிப் படுத்து, தூக்கத்தில் காலை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. அந்த வெட்டி இழுப்பைப் பார்த்து வலிப்பு என்று பயந்துவிடாதே, அப்படித்தான் தூங்கும். விடாமல் கத்தினால்தான் கவனிக்க வேண்டும். ஒன்று குளிர், இல்லையென்றால் பசி. ஈரமான இடத்தில் வயரை இழுத்துக் குண்டு பல்பு மாட்டுகிற வேலை வேண்டாம். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் நன்றாகச் சுற்றி ஒரு ஓரமாக வை. சூடு பிடிக்காத குட்டி விலகிப்போக மறு ஓரம் வெறுமனே இருக்கட்டும்.

ஒரு குட்டி தனியே கிடந்து சில்லிட்டுப் போயிருந்தால் உடனே வாயில் பாலை ஊற்றாதே. இதைச் சிவப்பு மையில் எழுதச் சொல்கிறார் அப்பா. உடம்பு குளிர்ந்திருக்கிறபோது குட்டிக்குப் பால் செரிக்காது. முதலில் துணியில் சுற்றி உன் வயிற்றோடு அணைத்து வை. மெதுவாகச் சூடு ஏற வேண்டும், அவசரப்பட்டு அனலில் காட்டாதே. உடம்பு வெதுவெதுப்பாகி வாய் தேட ஆரம்பித்த பிறகு தாயின் காம்பில் வை.

ஆவின் பாலைச் சங்கில் ஊற்றலாமா என்று கேட்டாய். வேண்டாம். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைவிட ரொம்ப அதிகம், சர்க்கரை கம்மி. பசும்பால் குடித்த குட்டிக்கு வயிற்றால் போகும், அந்தச் சின்ன உடம்பு ஒரே நாளில் வற்றிவிடும். தாய்க்குப் பால் போதவில்லை என்று டாக்டர் சொன்னால் நாய்க்குட்டிக்கென்றே பால் பவுடர் இருக்கிறது, அதை வாங்கு. கொடுக்கும்போது கைக்குழந்தையை மடியில் மல்லாத்துகிற மாதிரி மல்லாத்தாதே. குப்புறப் படுத்தபடிதான் அது குடிக்கும். மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

ஆனால் இதெல்லாம் உனக்குத் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். அவள் உயிரோடு, பாலோடு இருக்கிறாள். நீ குட்டிகளைப் பார்க்காதே கயல், அவளைப் பார். நக்கிச் சுத்தம் செய்வது அவள். அவள் நக்கிவிடாமல் அந்தக் குட்டிகளுக்கு மூத்திரம்கூடப் போக வராது, தெரியுமா? முதல் ரெண்டு மூணு வாரத்துக்கு அப்படி. நம்மால் ஐந்து குட்டிகளுக்கு ராத்திரி பகலாக அதைச் செய்ய முடியுமா? அவளுக்கு வயிறு நிறைந்தால் அவள் மற்றதைப் பார்த்துக்கொள்வாள்.

ஒரு நாளைக்கு நாலு வேளை போடு. குழைந்த சோறு, அதில் அவித்த முட்டை, கோழி ஈரல் கொஞ்சம், கோழி வேகவைத்த தண்ணீர். மூணாவது நாலாவது வாரத்தில் குட்டிகள் உறிஞ்சுகிற உறிஞ்சலில் அவள் வழக்கமாகச் சாப்பிடுவதைப் போல ரெண்டு மூணு மடங்கு கேட்பாள். கொடு. வெந்த கோழி எலும்பு போடாதே, அது குத்தூசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். பிள்ளை பெற்றவளுக்குச் செய்கிற நினைப்பில் பூண்டை வதக்கிப் போட்டுவிடாதே. நானே ஒரு தடவை செய்யப்போய் அப்பா தட்டைப் பிடுங்கினார். நாய்க்கு வெங்காயமும் பூண்டும் ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும். தண்ணீர்ச் சட்டி படுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். குட்டிகளை விட்டு வெகுதூரம் போக அவளுக்கு மனசு வராது, தாகத்தோடு கிடப்பாள்.

இதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்றால், உன்னிடம் நான் சொல்லாமல் மறைத்த ஒன்று இருக்கிறது.

நீ ரெண்டாம் வகுப்புப் படித்தபோது விறகுக் கொட்டகையில் கருப்பி ஆறு குட்டி போட்டாளே, நினைவிருக்கிறதா? தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்கு ஓடுவாய். ஒரு நாள் வந்து பார்த்தபோது குட்டிகள் இல்லை. "நல்ல வீடுகளில் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்" என்றேன். நீ நம்பினாய். கொடுக்கவில்லை கயல். தெருவில் ஓயாமல் சண்டை. குட்டிகள் கத்துகின்றன, நாறுகிறது என்று தினம் ஒருவர் வாசலில் வந்து நின்றார்கள். அப்பா முகாமுக்காக ரெண்டு நாள் வெளியூர் போயிருந்தார். ஆள் ஒருவர் சாக்கோடு வந்து, "கண்மாய்க்கரைப் பக்கம் விட்டுவிடுகிறேன், எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்" என்றார். பன்னிரண்டாம் நாள் அது. ரெண்டு குட்டிகளுக்கு அன்றைக்குத்தான் கண் கீறல் விட்டிருந்தது. நான் சரி என்றேன். கருப்பிக்குப் பழைய சோறு வைத்துக் கொல்லைப்புறம் கூப்பிட்டுப் போனதும் நான்தான்.

மூணு நாள் அவள் கொட்டகைக்கும் தெருமுனைக்கும் நடந்தாள். பால் கட்டிக் காம்புகள் கல்லாகிவிட்டன. என் முன்னால் வந்து நிற்பாள். குரைக்கமாட்டாள், முறைக்கமாட்டாள், நிற்பாள், அவ்வளவுதான். அப்பா வந்து பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து அவளுக்கு ஒத்தடம் கொடுத்தார். ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் கண்மாய்க்கரைக்குப் போய் மத்தியானம் வரை தேடிவிட்டு வெறுங்கையோடு வந்தார். அதற்கப்புறம் ஊரில் எந்த நாய் குட்டி போட்டாலும் நான் அவர் பின்னாலேயே போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். இதில் எழுதுவதெல்லாம் அப்படிக் கற்றதுதான். உன்னிடம் பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள். நேற்று உன் வீட்டு ஓனர் "மூட்டை கட்டி எங்கேயாவது விட்டுவிடுங்கள்" என்றார் என்று நீ சொன்னதும் எனக்கு அந்தச் சாக்குதான் கண்ணில் வந்தது.

அவரிடம் சண்டை போடாதே. பணிந்தே கேள். எட்டு வாரம் மட்டும், அதற்குள் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறேன் என்று சொல். நீ போன மாசம் அனுப்பிய கட்டுரையை அப்பா ரெண்டு தடவை வாசித்துக் காட்டினார். வங்காளத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைக் கவனித்து ஆய்வாளர்கள் 2016இல் எழுதியது. ஏழு மாதம் வரை உயிரோடு இருந்தவை 19 சதவீதம்தானாம், செத்ததில் பெரும்பாலானதற்கு மனுஷர்களே காரணமாம். வீட்டு ஓனருக்கும் அதை வாசித்துக் காட்டு.

தாயிடம் கவனிக்க வேண்டியவை. சிவப்பும் பழுப்புமாகக் கசிவு மூணு நாலு வாரம் இருக்கும், அது பரவாயில்லை. கெட்ட நாற்றம் அடித்தாலோ, அவள் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சுருண்டாலோ டாக்டரிடம் போ. காம்பு சிவந்து சுட்டாலும் அப்படியே.

இன்னொன்று இருக்கிறது, அதை நன்றாக மனசில் வை. மேலத்தெரு டீச்சர் வீட்டில் வெள்ளையாக ஒரு பொமரேனியன் இருந்தது. குட்டி போட்டு மூணு வாரம் இருக்கும். ஒரு சாயங்காலம் அதற்கு மூச்சு இரைத்தது, காலெல்லாம் விறைத்தது, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. வெறி பிடித்துவிட்டது என்று அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அப்பா பார்த்த உடனே டாக்டரைக் கூட்டிவந்தார். பாலோடு சுண்ணாம்புச் சத்து முழுக்க இறங்கிப் போனதால் வருவது அது. டாக்டர் கால் நரம்பில் கால்சியத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். நான் அதன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். என் கைக்குள்ளேயே அந்த நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அப்புறம் அது தலையை உதறி எழுந்து நின்று குட்டிகளைத் தேடியது. அன்றைக்குப் பாலூட்ட விடவில்லை. ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் போயிருக்கும். சின்ன ஜாதிக்குத்தான் அதிகம் வரும், ஆனாலும் உன் நாய் நடுங்கினால், கால் பின்னினால், விடியட்டும் என்று காத்திருக்காதே. அதற்காக இப்போதே கால்சியம் டானிக் வாங்கி ஊற்றவும் கூடாது. டாக்டர் சொல்லாமல் கொடுத்தால் வேறு விதத்தில் கெடுக்கும்.

அவள் உன்னை நம்புகிறாள் என்றாய். இருந்தாலும் குட்டியைத் தொடும்போது அவள் கண்ணையும் காதையும் பார்த்துக்கொண்டே தொடு. பல் பட்டுவிட்டால், கீறல்தானே என்று விடாதே. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போடப் போ. அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே போடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைத் தனியாகக் கிட்டே விடாதே.

பத்து முதல் பதினாலு நாளுக்குள் கண் திறக்கும், நீயாக விரித்துப் பார்க்காதே. ரெண்டாவது வாரம் பூச்சி மருந்து, குட்டிகளுக்கும் தாய்க்கும், டாக்டர் எடை பார்த்துச் சொல்கிற அளவுப்படி. நாலாவது வாரம் குழைந்த சோற்றைத் தட்டில் வைத்தால் மூஞ்சியெல்லாம் பூசிக்கொண்டு தின்னப் பழகும். ஆறு எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. எட்டு வாரம் முடியாமல் யார் கேட்டாலும் கொடுக்காதே, எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும். பால் வற்றிய பிறகு அவளுக்குக் கருத்தடைக்கு ஏற்பாடு செய். காதில் சின்னதாக வெட்டு அடையாளம் வைத்து அதே தெருவில் கொண்டுவந்து விடுவார்கள். அவள் அதற்கப்புறம் நிம்மதியாக இருக்கட்டும்.

கடைசியாக அந்தச் சின்னக் குட்டி. மற்றவை 300 கிராமைத் தாண்டிவிட்டன, அது மட்டும் 210 என்றாயே, எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. பெரியவை தள்ளிவிடும். பால் குடிக்கிற நேரத்தில் ரெண்டு தடிக் குட்டிகளைக் கொஞ்ச நேரம் அவள் கண்ணெதிரே கூடையில் வைத்துவிட்டு, இதைப் பின்னங்கால் பக்கத்துக் காம்பில் வை. அங்கேதான் பால் அதிகம். வாயில் பிடித்ததும் கையை எடுத்துவிடாதே, அது நழுவாமல் இருக்க முதுகுக்கு அண்டையாக ஒரு விரலை வைத்துக்கொள். முன்னங்காலால் மடியை மாறி மாறி அழுத்த ஆரம்பிக்கும் பார், அப்போது பால் இறங்குகிறது என்று அர்த்தம். தினமும் ஒரே நேரத்தில் சமையல் தராசில் நிறுத்து எழுதி வை. தினம் கொஞ்சமாவது ஏற வேண்டும், பத்து நாளில் பிறந்த எடையைப் போல ரெண்டு மடங்கு ஆக வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறவில்லை என்றால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு.

ஞாயிற்றுக்கிழமை பொதிகை ரயிலில் எங்கள் ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. தாம்பரத்தில் இறங்கிக்கொள்கிறோம், நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், அவளைத் தனியாக விடாதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் சின்னதை நிறுத்துப் பார்த்து எவ்வளவு என்று சொல். அப்பா போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா