லைப்ரரி டீச்சருடன் சந்திப்பு: ஆகஸ்ட் 12

அனைவருக்கும் வணக்கம்.

நம் லைப்ரரி டீச்சர் மே மாதம் பணி ஓய்வு பெற்றது தெரிந்திருக்கும். ஆகஸ்ட் 12, புதன்கிழமை மாலை 5 மணிக்குப் பள்ளி நூலகத்திலேயே அவரைச் சந்திக்கிறோம். வேலை நாள்தான், ஆனால் டீச்சரே கேட்ட தேதி. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன் பிறந்தநாள், தேசிய நூலகர் தினம். சீர்காழிக்காரர், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான கதையை டீச்சர் நமக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார்! "ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்" என்ற ரங்கநாதன் விதியை நம்பி, கடைசி பெஞ்சில் இருந்த என்னிடம் சைக்கிள் ரிப்பேர் புத்தகத்தை நீட்டியவர் அவர். வேலையில் இருந்தபடியே அஞ்சல் வழியில் பட்டம் வாங்கினார். இப்போது மலையாள எழுத்து பழகுகிறாராம்.

1. பொன்னாடை, கேடயம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆளுக்கு ஒரு புத்தகம் பள்ளிக்குக் கொடுத்தால் போதும்.
2. நூலக வகைப்பாட்டு எண் 894.811, அதாவது தமிழ் இலக்கிய அலமாரிதான் ரொம்பக் காலியாக இருக்கிறது. அதற்கு முன்னுரிமை.
3. பள்ளி நூலகப் புத்தகம் யார் வீட்டிலாவது தங்கியிருந்தால் கொண்டுவாருங்கள். அபராதம் கிடையாது. (என்னிடமே இரண்டு இருக்கின்றன.)
4. என்ன புத்தகம் என்று ஆகஸ்ட் 5-க்குள் இங்கே எழுதுங்கள். ஒரே நூல் மூன்று பிரதி வர வேண்டாம்.
5. வெளியூரில் இருப்பவர்கள் ஒரு நிமிடக் குரல் பதிவை எனக்குத் தனியே அனுப்புங்கள்.

வருபவர்கள் "வருகிறேன்" என்று எழுத்தில் பதில் போடுங்கள். கைகூப்பும் எமோஜியை வைத்து டீ, சுண்டலுக்குக் கணக்குச் சொல்ல முடியவில்லை.